ராஜா கன்னத்துக் கீறல்

என் மாமியாரின் இரும்பு பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் காசுகள் இருந்தன. நான் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவற்றைப் புளி போட்டுத் துலக்கித் தரும்படி என்னிடம் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய்க் காசுகள். ஒரு பக்கம் பூவேலைப்பாடு, மறுபக்கம் தாடி வைத்த ராஜாவின் தலை. துலக்கத் துலக்கக் கறுப்பு போய் வெள்ளி மினுங்கியது. ஆனால் ராஜாவின் முகத்தில் ஒரு கோடு மட்டும் போகவே இல்லை. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் கோட்டுக்குள் இறங்கியது. காதுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தைக் குறுக்காகக் கடந்து, வாயோரத்தில் முடிகிற ஆழமான கீறல். அடுத்த காசை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில், அதே சாய்வில். துணியிலிருந்த அத்தனை காசிலும் ராஜாவுக்குக் கன்னம் கிழிந்திருந்தது.

"இதென்னங்க அத்தை, எல்லாத்துலயும் கீறியிருக்குது?" என்று கேட்டேன்.

"எங்கம்மா போட்டது" என்றார்.

"எதுக்குங்க?"

"துலக்கினது போதும். குடு அம்மணி" என்று ஈரம் காய்வதற்கு முன்பே வாங்கித் துணியில் முடிந்துகொண்டார்.

அத்தை அதிகம் பேசாதவர். கோயம்புத்தூருக்குக் குடிவந்து எத்தனையோ காலம் ஆகியும் காங்கேயத்துப் பக்கத்துப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தணிந்துபோகும். அந்தத் தணிந்த குரலைக் கேட்டுத்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பயப்படுவார்கள். காசைப் பற்றிக் கேட்டபோது எனக்கு வந்த பதிலும் அந்தக் குரலில்தான் இருந்தது. அதன்பின் நான் கேட்கவில்லை.

கீறலுக்குக் குடும்பத்தில் ஒரு கதை இருந்தது. காசுகள் அத்தையின் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. காங்கேயத்துக்கு அருகே, வலசு என்று அங்கே சொல்லும் ஒரு சிற்றூரில், தோட்டமும் மாடுகளுமாக வாழ்ந்த குடும்பம் அது. அத்தையின் அப்பாவைப் பேரப்பிள்ளைகள் அப்புச்சி என்பார்கள், அம்மாவை அமுச்சி என்பார்கள். ஒருமுறை வீட்டில் காசு களவு போனதாம். இனி எவன் எடுத்தாலும் கடைவீதியில் கண்டுபிடித்துவிடலாம் என்று அமுச்சி தன் கையாலேயே ஒவ்வொரு காசிலும் அடையாளம் போட்டாராம். இந்தக் கதையில் என் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, பெருமை அதிகம். அவர் பம்பு செட்டுக்கு வார்ப்படம் செய்யும் பவுண்டரி நடத்துகிறார். ஆபீஸ் அறையில் அப்புச்சியின் பெரிய படம் மாட்டியிருக்கும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் காசுகளை வாங்கிப்போய் அந்தப் படத்துக்குக் கீழே பரப்பி வைப்பார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். "லாக்கரெல்லாம் வர்றதுக்கு முந்தியே எங்க அமுச்சி செக்யூரிட்டி போட்டவங்க" என்பார். அவர் இதைச் சொல்லத் தொடங்கினால் அத்தை அந்த இடத்தில் இருக்க மாட்டார். எழுந்து உள்ளே போய்விடுவார். வருடந்தோறும் நான் கவனித்தது இது. காரணம் தெரியாமல் கவனித்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்துவந்த அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் வயதுக்காரர். கணவர் இல்லை. ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். அக்காவுக்கும் பிறந்த ஊர் காங்கேயம் பக்கம்தான். அதனால் அத்தை என்னிடம் பேசுவதைவிட அவரிடம் அதிகம் பேசுவார். பகலில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டே மழை, மாடு, கொப்பரைக் களம், யார் செத்தார்கள், யார் இருக்கிறார்கள் என்று ஊர்க் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அந்தப் பேச்சின் நடுவில் அத்தை முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்துபோனதைப் பார்த்தேன். "என்னங்கக்கா ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. எங்கூர்ல ஒரு ஆத்தா இருக்குது, கைக்கொழந்தையில அம்மாவோட ஊர்லருந்து வந்ததுன்னு சொன்னேன், அவுங்கம்மா பேரைக் கேட்டாங்க, சொன்னேன், எந்திரிச்சுட்டாங்க" என்றார் அக்கா.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாளே அறுவை சிகிச்சை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நான் அலைந்தபோது, சோறு கட்டிக்கொண்டு வந்ததும், அத்தையின் துணியை அலசிப்போட்டதும் அந்த அக்காதான். "ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போலாம்னு இருந்தேனுங்க. இப்ப அம்மாவை உட்டுப்போட்டு எங்க போறது" என்று சொல்லிக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு முந்திய நாள் காலையில் மூத்தார் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலைகள் இருந்தன. அடியில் மஞ்சள் துணி இல்லை. சேலை ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தார். இழுப்பறைகளைக் கவிழ்த்தார். நானும் என் கணவரும் பூஜை அறை, அரிசி டிரம், பரண் என்று தேடினோம். பீரோச் சாவி எப்போதும் அத்தையின் தலையணைக்கு அடியில் இருக்கும். அத்தை ஆஸ்பத்திரியில். அந்த அறையைக் கூட்டித் துடைக்கிறவர் ஒருவர்தான். மூத்தார் அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே என் கணவர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

"அக்கா அப்படிச் செய்யற ஆளில்லீங்க மாமா. அத்தை தெளிஞ்சதும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றேன்.

"எத்தனை பேரைப் பாத்திருக்கேன். நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

அவருக்கு எஸ்.ஐ. ஒருவர் பழக்கம். ஒரு மணி நேரத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. வாசலில் நின்று மூத்தார் விளக்கினார். "கண்டுபிடிக்கறது ரொம்ப ஈசிங்க சார். ஒவ்வொரு காசுலயும் ராஜா கன்னத்துல ஒரு கீறல் இருக்கும். களவு போனா அடையாளம் தெரியணும்னு எங்க அமுச்சி போட்டது." எஸ்.ஐ. சிரித்தபடி, "இந்த மாதிரி எல்லாரும் போட்டு வெச்சிருந்தா எங்களுக்கு வேலையே இருக்காதுங்க" என்றார்.

அக்காவின் வீட்டுக்கு நானும் பின்னாலேயே ஓடினேன். சந்து முழுக்க ஆட்கள். வீட்டிலிருந்த பாத்திரங்களையும் துணிமணிகளையும் போலீஸ்காரர்கள் வாசலில் எடுத்துப்போட்டிருந்தார்கள். அக்காவின் மகள் தன் புத்தகங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்போது சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவோடு பெண் போலீஸ் ஒருவர் வெளியே வந்தார். டப்பாவுக்குள் மஞ்சள் துணி. மூத்தார் ஒரு காசை எடுத்து வெயிலில் திருப்பிக் காட்டினார். கூட்டம் முழுக்க அந்தக் கன்னத்தைப் பார்த்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாதானுங்க குடுத்தாங்க" என்றார்.

"எதுக்குக் குடுத்தாங்க?" என்று எஸ்.ஐ. அதட்டினார்.

"ஒருத்தருக்குக் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னாங்க. யாருக்குன்னு நான் சொல்லக் கூடாதுங்க. சொல்லமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன். அம்மா எந்திரிச்சதும் அவுங்களையே கேட்டுக்கோங்க."

அதைக் கேட்டு மூத்தார் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றுவரை எனக்குப் பிடிக்காமல் இருக்கிறது. அக்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் பகல் முழுக்க உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார். பொழுது சாய்வதற்குள், காலையில் வந்து நிற்க வேண்டும், வழக்குப் பதிவாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா மேல் திருட்டு வழக்கு விழுந்தால் படிக்கிற பெண் காலேஜில் எப்படித் தலை நிமிர்வாள் என்ற நினைப்பே என்னை உட்காரவிடவில்லை.

அத்தையிடம் கேட்டுவிட்டால் தீர்ந்துபோகும். ஆனால் அத்தை அத்தையாக இல்லை. அறுவை முடிந்தபின் உடம்பில் உப்புச்சத்து இறங்கிவிட்டதாம். வயதானவர்களுக்கு அப்படி ஆனால் புத்தி குழம்பும், சரியாக இரண்டொரு நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி, இந்த விஷயம் எதுவும் அம்மாவின் காதுக்குப் போகக் கூடாது, பிரஷர் ஏறிவிடும் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் சாயங்காலம் அத்தையின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. விரல்கள் போர்வையை இழுத்துக்கொண்டே இருந்தன.

திடீரென்று, "அவளை அவுத்துவுடுங்க" என்றார்.

"யாரைங்க அத்தை?"

"காசு கெடைச்சுப்போச்சு. அவளை அவுத்துவுடச் சொல்லுங்கம்மா. கன்னத்துல ரத்தம் வருது பாருங்கம்மா."

அக்காவைப் பிடித்துக்கொண்டு போனது அத்தைக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அப்படியானால் யாரை அவிழ்த்துவிடச் சொல்கிறார்? என்னைப் பார்த்து எதற்கு அம்மா என்கிறார்? குழந்தைக் குரலில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். நர்ஸ் வந்து ஊசி போட்டதும்தான் அடங்கினார்.

காலையில் நான் போனபோது அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "தலை சீவிவுடு அம்மணி, சிக்காக் கெடக்குது" என்றார். தெளிந்துவிட்டார். சீப்பை எடுத்தேன். என் கணவர் வெளியே காபி வாங்கப் போயிருந்தார். சொல்லாதே என்று அவர் சொன்னது காதில் இருந்தது. ஸ்டேஷனில் அக்கா போய் நின்றிருப்பார் என்பதும் மனசில் இருந்தது. சீப்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை பதறவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. குரல் தணிந்தது.

"அவளை யாராச்சும் அடிச்சாங்களா?"

"தெரியலீங்க அத்தை."

"பெரியவனைக் கூப்புடு."

நான் கூப்பிட்டபோது மூத்தார் எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்திருக்கிறார். அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். தம்பி எண்ணைப் பார்த்ததும் எடுத்தார். அத்தை போனை வாங்கினார். "நீ இப்ப இங்க வாரியா, இல்ல நான் இந்தக் குழாயெல்லாம் புடுங்கிப்போட்டு அங்க வரட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மூத்தார் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "நீங்க உடம்பைப் பாருங்கம்மா. இதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்தார்.

"காசை நான்தான் குடுத்தேன்" என்றார் அத்தை.

மூத்தார் தம்பியைப் பார்த்தார். அம்மாவுக்கு இன்னும் தெளியவில்லை என்பதுபோல.

"எனக்கு நல்லாத்தான் இருக்குது. கேளு" என்று அத்தை சொல்லத் தொடங்கினார். இடையில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததைத் தவிர நிறுத்தவில்லை.

"அப்ப எனக்குப் பாவாடை கட்டற வயசு. பொங்கலுக்குக் காசைத் துலக்கி முறத்துல காயவெச்சிருந்தாங்க எங்கம்மா. சாமி கும்புட எடுத்தா ஒண்ணு கொறையுது. பண்ணையத்துல வேலை செஞ்சவன் சம்சாரம் வாசல் கூட்டிட்டிருந்தா. அவதான் எடுத்திருப்பான்னுட்டாங்க. உன்ற அப்புச்சி வேற ஒண்ணும் விசாரிக்கல. வண்டிச் சக்கரத்துல அவளைக் கட்டிப்போட்டாரு. மாட்டுச் சாட்டைய எடுத்தாரு. முதுகுலதான் அடிச்சாரு. 'நான் எடுக்கலீங் பண்ணாடி'ன்னு சொல்லறதுக்கு அவ திரும்பினா. அந்த அடி மூஞ்சில உழுந்துபோச்சு."

அத்தை தன் ஆள்காட்டி விரலைக் காதுக்குக் கீழே வைத்து, கன்னத்தின் குறுக்கே இழுத்து, வாயோரத்தில் நிறுத்தினார். விரலை எடுக்கவில்லை. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். நகம் இறங்கிய கோடு.

"அவ கொழந்தை வேப்பமரத்துத் தூளில கெடந்து கத்துது. எங்கம்மா வாசப்படில நின்னு பாத்துட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல. நான் அவுங்க சேலையப் புடிச்சுட்டு நின்னேன். ரெண்டு நாள்ல அந்தக் குடும்பமே ஊரை உட்டுப்போட்டுப் போயிருச்சு. பொறவு ஒரு நாளு மாட்டுக்கு ஊறவெக்கப் பருத்திக்கொட்டை அள்ளினா, கூடைக்கு அடியில காசு. முறத்துலருந்து உருண்டிருக்குது. எங்கம்மா கையில எடுத்துட்டு ஓடிப்போய் எங்கப்பாகிட்டக் காட்டினாங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? கெடைச்சதை யாருக்கும் சொல்லாதே, பண்ணாடி தப்பா அடிச்சுப்போட்டான்னு நாலு பேரு பேசுவாங்கன்னாரு."

மூத்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கு மத்தியானம் எங்கம்மா சாக்குத் தைக்கற கோணூசிய எடுத்துட்டு உக்காந்தாங்க. ஒவ்வொரு காசா எடுத்து ராஜா மூஞ்சில கீறினாங்க. அழுதுட்டே கீறினாங்க. எங்கப்பா பாத்துப்போட்டு என்ன பண்றேன்னாரு. களவு போனா அடையாளம் தெரியட்டும்னுங்கன்னாங்க. பரவாயில்லையே, உனக்கும் புத்தி வந்துருச்சேன்னு எங்கப்பா சிரிச்சாரு. அதைத்தான்டா நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே."

மூத்தார் ஐம்பது வயதைத் தாண்டியவர். பவுண்டரியில் அவர் குரல் கேட்டால் ஆட்கள் நிமிர்வார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்புச்சியாம்மா?" என்றார். சின்னப் பையன் கேட்பதுபோல இருந்தது. பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்கம்மா" என்றார்.

"சொன்னா உட்டிருப்பியா? குடும்பத்து லட்சுமி வெளிய போகக் கூடாதுன்னு நிப்பே. தூளில கெடந்த கொழந்தை இன்னும் உசுரோட இருக்குதுன்னு நீ ஜீப்புல ஏத்திவுட்டவதான் சொன்னா. நேர்ல போக எனக்குத் தைரியம் வரல. அதான் அவகிட்டக் குடுத்து அனுப்பினேன். யாருக்கும் சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டு அங்க உக்காந்திருக்கறா. போ. போயிக் கூட்டிட்டு வா. எந்தத் தெருவுல அவ பாத்திரத்தை எடுத்துப்போட்டாங்களோ, அந்தத் தெருவுல நின்னு, தப்பு என்னுதுன்னு சத்தமாச் சொல்லு."

மூத்தார் போனார். நானும் கூடவே போனேன். ஸ்டேஷனில் புகார் வேண்டாம் என்றதும் எஸ்.ஐ. முகம் சுளித்தபடி காசு முடிப்பைத் திருப்பிக் கொடுத்தார். மூத்தார் தெருவில் நின்று சொன்னார். சொன்னபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எல்லாரும் போனபின் நான் அக்காவின் கையைப் பிடித்து, "அடிச்சாங்களாக்கா? அத்தை கேக்கறாங்க" என்றேன்.

"அடி உழலீங்க. அடி மட்டும்தானுங்களா அடி?" என்றார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை. அத்தை வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். அக்கா டீ போட்டுக் கொடுத்தார், அத்தையின் காலைத் தொட்டுப் பார்த்து வலி எப்படி என்று விசாரித்தார். ஆனால் காசைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாயா என்று அத்தை கேட்டபோது மட்டும், "இனி அதை நான் தொடமாட்டேனுங்கம்மா" என்றார். அத்தை தலையாட்டினார். வரும் வழியில் காரில், "நான்தான் போவோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

போகிற நாளில் மூத்தாரே கார் ஓட்டினார். காங்கேயம் தாண்டி, கொப்பரை காய்ந்துகொண்டிருந்த களங்களைக் கடந்து, காலனி வீடுகள் இருந்த ஒரு தெருவில் போய் நின்றோம். அன்று தூளியில் கிடந்தவர், இப்போது எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள், வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். மகன் எண்ணெய் மில்லில் வண்டி ஓட்டுகிறவர். நாற்காலிகள் எடுத்துப் போட்டார்கள். அத்தை அவரை வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசியது அந்த அம்மாளுக்கே கூச்சமாக இருந்தது. அத்தை மஞ்சள் துணியைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

அந்த அம்மாள் ஒரு காசை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் தடவினார்.

"எங்கம்மா மூஞ்சில இந்தத் தழும்பு இருந்துச்சுங்க. சாகற வரைக்கும் மாடு முட்டுனதுன்னுதான் சொல்லுச்சு" என்றார்.

பிள்ளைகளிடம்கூட அந்தத் தாய் சொல்லவில்லை என்பது நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காதது. கொடுக்க வந்த இடத்தில், அவர்கள் வைத்திருந்த ஒரு நிம்மதியையும் எடுத்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மாளின் மகன் எழுந்து தெருவுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"அப்ப அந்த ஊர்ல எங்கம்மாளைத் திருடின்னு சொன்னாங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சொன்னாங்க."

"இன்னைக்கும் அப்படித்தான் நெனைச்சுட்டு இருப்பாங்களா?"

"கெழடுகட்டைக இருந்தா நெனைச்சுட்டுத்தான் இருக்கும்."

அவர் காசை அத்தையின் மடியிலேயே திரும்ப வைத்தார். "காசைப் பொறவு பாக்கலாமுங்க. மொதல்ல அந்த ஊர்ல வந்து இதைச் சொல்லுவீங்களா? நான் பக்கத்துல நிக்கோணும்."

பின்னர் ஒரு நாள் அவர் காசுகளை வாங்கிக்கொண்டார். இன்று அவை அவருடைய பேத்திகளிடம் இருக்கின்றன. அத்தையும் இப்போது இல்லை. ஆனால் அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த அம்மாள் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்த சாயங்காலம்தான். தன் மகனைத் தெருவில் நின்று சொல்லச் சொன்னவரிடம், இன்னொருவர் அதையே கேட்டுவிட்டார். அத்தை மறுக்கவில்லை. "இன்னைக்கே போலாம்" என்றார்.

அத்தையின் பிறந்த ஊரில் இப்போது அவர் அண்ணன் மகன்தான் பெரியவர். கார் வந்து நின்றதும் ஓடிவந்தவர், விஷயம் தெரிந்ததும் கையைப் பிசைந்தார். "பழசையெல்லாம் எதுக்குங்கத்தே கெளர்றீங்க? நாங்க இங்க பொழைக்க வேண்டாமுங்களா?" என்று காரை மறித்து நின்றார். மூத்தார் இறங்கி அவர் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். "அம்மா சொல்லட்டும் உடு" என்றார்.

பால் சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம். கேனும் தூக்குப்போசியுமாக ஊரே வரிசையில் நின்றது. தோட்டத்துக்காரர்களும் இருந்தார்கள், காலனியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அத்தை வாக்கரை ஊன்றி ஊன்றிப் போய் சிமெண்டுத் தரையில் நின்றார். பக்கத்தில் அந்த அம்மாள். தன் அப்பா பெயரைச் சொன்னார். அந்த அம்மாளுடைய தாயின் பெயரைச் சொன்னார். காசு தொலைந்தது, கட்டிவைத்து அடித்தது, கூடையடியில் காசு கிடைத்தது, மறைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய வழக்கமான தணிந்த குரலில்தான் சொன்னார். பால் அளந்தவர் கையை நிறுத்திவிட்டார். முன்னால் நின்ற கிழவர் ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டார். வரிசையின் கடைசியில் சிலர் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

சொல்லி முடித்து அத்தை அங்கிருந்து நகரத் திரும்பினார். அந்த அம்மாள் வாக்கரின்மேல் கையை வைத்தார்.

"அம்மணி, கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க."

அத்தை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, என் ஆயுளில் அதற்கு முன்போ பின்போ நான் கேட்டிராத உரத்த குரலில், தன் அப்பாவின் பெயரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.